கண்புரை அறுவைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

கண்புரை நீக்கம் உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளுள் ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; அன்றே வீடு திரும்பியும் விடலாம். இவ்வளவு எளிதாக நடந்தேறுவதாலேயே அதைப் பற்றி நோயாளியிடம் யாரும் விரிவாகப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். "சின்ன ஆபரேஷன்தானே, பயப்படாதீர்கள்" என்ற ஒரு வரி ஆறுதலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் கண்ணுக்குள் வைக்கப்படும் லென்ஸ் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கப்போகிறது. அதன் பவர் என்ன, எந்தத் தூரத்தை அது கண்ணாடியின் துணையின்றித் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அறுவை அரங்குக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடும். அந்த முடிவில் நோயாளிக்கும் பங்கு உண்டு. என் தந்தைக்கு இரண்டு கண்களிலும் புரை நீக்கப்பட்டபோது உடனிருந்து அறிந்தவற்றையும், அதற்காகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவரின் முன் என்னென்ன கேட்கலாம், என்னென்ன சொல்லியாக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

கண்ணின் கருநிற வட்டத்துக்குப் பின்னால், ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் குறுக்களவும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட இயற்கை லென்ஸ் ஒன்று, மெல்லிய உறைக்குள் அமைந்திருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். ஒளி தடையின்றி ஊடுருவ வேண்டும் என்பதால் அதற்குள் இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. உடலின் மற்ற பல இடங்களில் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருகின்றன; லென்ஸிலோ எதுவும் உதிர்வதில்லை. புதிய இழைகள் வெளிப்புறத்தில் சேரச் சேர, பழையவை உள்நோக்கி நெருக்கப்படுகின்றன. ஆகவே எழுபது வயதுக்காரரின் லென்ஸ் மையத்தில் இருக்கும் புரதம் அவர் பிறப்பதற்கு முன்பே உருவானது. அத்தனை ஆண்டுகள் ஒளியையும் வேதிமாற்றங்களையும் தாங்கிய அப்புரதங்கள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போது, முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதைப் போல, லென்ஸ் தன் தெளிவை இழக்கிறது. இதுவே புரை.

கண்ணின் மேல் ஏதோ தோலோ சதையோ வளர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். மேலே வளர்வது வேறு நோய். புரை என்பது உள்ளே இருக்கும் லென்ஸே மங்கிப்போவது. அதனால்தான் அதைச் சுரண்டி எடுக்கவோ, சொட்டு மருந்தால் கரைக்கவோ முடிவதில்லை. புரையைக் கரைக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் எந்தச் சொட்டு மருந்துக்கும் மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட பலன் இல்லை. தேன், மூலிகைச் சாறு, வெங்காயச் சாறு என்று வீட்டில் கிடைப்பதையெல்லாம் கண்ணில் விடுவது இன்னும் ஆபத்தானது. அதனால் கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில், புண் ஏற்பட்டால், புரையை எளிதாக நீக்கிப் பார்வை பெற்றிருக்க வேண்டியவர் நிலையான பார்வைக் குறைபாட்டோடு வாழ நேரிடும்.

புரை வருவதற்கு முதுமையே முதற்காரணம். சர்க்கரை நோய், புகைபிடித்தல், புற ஊதா ஒளி, கண்ணில் பட்ட பழைய அடி, நீண்ட காலம் உட்கொண்ட ஸ்டீராய்டு ஆகியவை அதை முன்கூட்டியே வரவழைக்கும் அல்லது விரைவுபடுத்தும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் நாற்பது வயதிலேயே கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

எல்லாப் புரையும் ஒன்றுபோல் தொல்லை தருவதில்லை. லென்ஸின் பின்புற உறையை ஒட்டி வரும் புரை சிறிதாக இருந்தாலும் ஒளி செல்லும் பாதையின் நடுவில் அமர்ந்துவிடுகிறது. வெயிலில் கண்மணி சுருங்கும்போது பார்வை மிகவும் மங்கும், படிப்பது கடினமாகும், எதிரே வரும் வாகனத்தின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும். ஸ்டீராய்டால் பெரும்பாலும் வருவது இவ்வகைதான். சர்க்கரை நோயாலும் வரலாம். சில மாதங்களிலேயே முற்றிவிடுவதும் உண்டு. புறப்பகுதியில் ஆரக்கால்கள்போல் கிளம்பும் புரை நடுவரை நீளும்வரை தெரியாமலேயே இருக்கலாம்.

என் தந்தைக்கு வந்தது மையப்பகுதிப் புரை. இதன் போக்கு விசித்திரமானது. லென்ஸின் மையம் கெட்டிப்படும்போது ஒளியை அது கூடுதலாக வளைக்கிறது. அதனால் கிட்டப்பார்வை கூடுகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்து படித்துவந்தவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிப்பார்; பார்வை திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். அது திரும்பிய பார்வை அன்று. புரை முற்றத் தொடங்கியதன் அடையாளம், விரைவில் மறைந்தும்விடும். தந்தையோ இளமையிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர். மைனஸ் நான்காக இருந்த அவருடைய கண்ணாடி பவர் ஐந்தாகி, ஆறாகி, புதுக்கண்ணாடி போட்ட சில மாதங்களில் அதுவும் போதாமல் போயிற்று. அதோடு நிறங்களும் மாறின. லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பாகும்போது நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. கருநீலக் காலுறை ஒன்றும் கறுப்புக் காலுறை ஒன்றுமாக அணிந்துகொண்டு கிளம்பிய அவரை நிறுத்தி, இரண்டையும் சன்னலோரம் பிடித்துக் காட்டியபோதும் "இரண்டும் ஒன்றுதானே" என்றுதான் சொன்னார்.

வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதலும் இல்லை என்பதால் புரை வெகுநாள் மறைந்திருக்கும். ஒரு கண்ணில் முற்றியிருந்தாலும் மறு கண் ஈடுசெய்துவிடும். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, தொலைவில் இருக்கும் எழுத்தையும் கையில் இருக்கும் எழுத்தையும் படித்துப்பார்ப்பது முதியவர் இருக்கும் எல்லா வீட்டிலும் அவ்வப்போது செய்ய வேண்டிய சோதனை. ஒன்றை மட்டும் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும்: புரை மெதுவாகத்தான் மங்கச் செய்யும். பார்வை திடீரென்று போவது, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் தெரிவது ஆகியவை புரையின் அறிகுறிகள் அல்ல. விழித்திரையில் பிரச்சினை என்று கருதி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்ற அறிவுரையை இன்றும் கேட்கிறோம். முன்பு அதற்குக் காரணம் இருந்தது. லென்ஸை முழுதாக வெளியே எடுத்த காலத்தில் பெரிய கீறல் வேண்டியிருந்தது. பல தையல்கள், பல நாள் படுக்கை, அதன் பிறகு கனத்த கண்ணாடி. அத்தனையையும் ஏற்பதற்கு முன் பார்வை பெருமளவு போகும்வரை காத்திருந்தார்கள். இலண்டனில் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி 1949-ல் முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் பாய்ந்த, விமான மேற்கூரையின் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் ஒதுக்கித் தள்ளாமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. 1967-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் மீயொலி அதிர்வால் புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பாகோ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியே புரை வெளியேறுகிறது. அதே வழியே மடித்த லென்ஸ் உள்ளே சென்று விரிகிறது. பெரும்பாலும் தையலே தேவைப்படுவதில்லை.

ஆகவே இன்று காத்திருப்பதால் எளிதாவது எதுவும் இல்லை. மிகவும் முற்றிய புரை கல்லாக இறுகிவிடும். அதை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும், கருவிழியின் உட்புறச் செல்கள் பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும். இன்னும் விட்டுவைத்தால் லென்ஸ் உப்பியோ கசிந்தோ கண் அழுத்தத்தைத் திடீரென்று உயர்த்திவிடலாம். மறுபுறம், புரை தொடங்கியிருக்கிறது என்று சொன்னவுடன் ஓடவும் தேவையில்லை. பவர் மாற்றிய கண்ணாடி, படிக்கும் இடத்தில் நல்ல வெளிச்சம், வெயிலில் குளிர்கண்ணாடி ஆகியவற்றோடு சில ஆண்டுகள்கூட ஓட்டலாம். அறுவைக்கான நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது அன்றாட வாழ்க்கைதான் என்பது என் உறுதியான கருத்து. படிக்க முடியவில்லை, இரவில் வண்டி ஓட்டப் பயமாக இருக்கிறது, படி இறங்கத் தடுமாறுகிறார், மாத்திரையை மாற்றி எடுக்கிறார் என்ற நிலை வந்தால் நேரம் வந்துவிட்டது. விழித்திரையைப் பார்க்க முடியாதபடி புரை மறைக்கிறது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்குத் தொல்லை இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவதே சரி.

அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளுள் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது கண்ணின் அளவெடுப்பு. கண்ணின் முன்பின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, சூத்திரத்தில் இட்டு லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள். சராசரிக் கண்ணின் நீளம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர், அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) அளவுக்குத் தவறிவிடும். தாடையைப் பொருத்தி, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரியும் புள்ளியை இமைக்காமல் பார்க்க வேண்டும். தந்தையின் கண் வறண்டிருந்ததால் முதல் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அளவெடுத்த பெண் அவசரப்படாமல், வறட்சிக்கான சொட்டு மருந்தைச் சில வாரங்கள் விட்டுக்கொண்டு வரச்சொல்லி மறுபடியும் அளந்தார். அந்தப் பொறுமைக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அளவெடுப்புக்கு முன் அதை நிறுத்திவிட வேண்டும். மென்மையான வகைக்கு ஓரிரு வாரங்கள், கடினமான வகைக்கு அதைவிடக் கூடுதலாக. கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக முன்பு லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கருவிழியின் வடிவம் மாறிவிட்டதால் வழக்கமான சூத்திரம் அவர்களுக்குத் தவறான விடையைத் தரும். பழைய குறிப்புகள் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து லென்ஸ் தேர்வு. இங்கேதான் மிகுந்த குழப்பம். ஒருகுவிய லென்ஸ் ஒரே தூரத்தைத் தெளிவாகக் காட்டும். மற்றதற்குக் கண்ணாடி வேண்டும். கருவிழி வளைவு சீராக இல்லாதவர்களுக்கு அந்தக் குறையையும் திருத்தும் டோரிக் லென்ஸ் உண்டு. பல்குவிய லென்ஸ் தூரத்தையும் கிட்டத்தையும் காட்டி, கண்ணாடித் தேவையைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் வரும் ஒளியைப் பங்கிடுவதால் வெளிர்நிறத்தையும் அடர்நிறத்தையும் பிரித்தறியும் தெளிவு சற்றுக் குறையும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தெரியலாம். ஒருகுவிய லென்ஸுக்கும் பல்குவிய லென்ஸுக்கும் நடுவே, தெளிவின் எல்லையை நீட்டித்துத் தரும் வகையும் இருக்கிறது. விலை கூடியது எல்லோருக்கும் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. விழித்திரையின் மையத்தில் பாதிப்பு இருப்பவருக்கும் கண் அழுத்த நோய் முற்றியவருக்கும் பல்குவிய லென்ஸ் பொதுவாகப் பொருந்தாது. இரவில் தொழிலுக்காக வண்டி ஓட்டுபவர் நன்றாக யோசிக்க வேண்டும்.

ஒருகுவிய லென்ஸ்தான் என்று முடிவான பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: குவியம் எந்தத் தூரத்துக்கு? சொல்லாவிட்டால் தூரப்பார்வைக்கே வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரியும்கூட. ஆனால் வாழ்நாளெல்லாம் கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகியவர்கள். தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டால் அந்தப் பழக்கம் ஒரே நாளில் போய்விடும். கைப்பேசிக்கும் நாளிதழுக்கும் மருந்துச் சீட்டுக்கும் கண்ணாடியைத் தேட வேண்டும். எங்கள் மருத்துவர் இதைத் தாமாகவே கேட்டார். "ஐயா, கண்ணாடி இல்லாமல் எதைப் பார்க்க முடிந்தால் உங்களுக்கு நிறைவாக இருக்கும்?" தந்தை சற்றும் யோசிக்கவில்லை. "படுத்துக்கொண்டே படிப்பேன் டாக்டர். அதை மட்டும் கெடுத்துவிடாதீர்கள்." நடக்கவும் தொலைக்காட்சி பார்க்கவும் கண்ணாடி அணிவதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை, அறுபது ஆண்டுகளாக அது மூக்கின் மேல்தான் இருக்கிறது. ஆகவே மைனஸ் இரண்டரை மிஞ்சும்படி லென்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பொருள், 40 சென்டிமீட்டர் தொலைவில், அதாவது கையில் புத்தகம் பிடிக்கும் இடத்தில், கண்ணாடி இல்லாமலே எழுத்துத் தெளிவாகத் தெரியும். இந்தக் கேள்வியை உங்கள் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே எழுப்புங்கள். பிறகு மாற்றுவது எளிதன்று.

உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோக வேண்டும். ஆண்களில் புராஸ்டேட் வீக்கத்துக்கு எடுக்கும் டாம்சுலோசின் கண்மணியைச் சுற்றியுள்ள கருநிற வளையத்தைத் தளர்த்திவிடும். அறுவையின்போது கண்மணி விரியாமல் சுருங்கிக்கொண்டே வரும். எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும் அந்த விளைவு நீடிக்கலாம். மருத்துவருக்கு முன்பே தெரிந்தால் அதற்கேற்ற மருந்தோடும் கருவியோடும் ஆயத்தமாக இருப்பார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக அதை நிறுத்தவே கூடாது. பல நேரங்களில் அதைத் தொடர்ந்தபடியே புரையை எடுத்துவிடுகிறார்கள், நிறுத்துவதால் இதயத்துக்கும் மூளைக்கும் வரும் ஆபத்து மிகப் பெரியது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இமையோரத்தில் பொடுகும் வீக்கமும் இருந்தால் முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும்; அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வரும் தொற்று மிக அரிது என்றாலும், வந்தால் பார்வையையே பறித்துவிடக்கூடியது.

மயக்கம் கொடுப்பார்களா என்பதுதான் முதியவர்களின் முதல் அச்சம். பெரும்பாலும் சொட்டு மருந்தால் அல்லது கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்கிறார்கள். நோயாளி விழித்தே இருப்பார். கருவிகள் கண்ணை நோக்கி வருவது தெரியாது. பளீரென்ற ஒளியும் அசையும் நிறங்களும்தான் தெரியும். இமையைக் கருவி பிடித்துக்கொள்வதால் இமைத்துவிடுவோமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. முகத்தின் மேல் துணி போர்த்துவார்கள். அதற்கடியில் காற்று வரும். மூச்சுத் திணறலால் மல்லாந்து படுக்க முடியாதவர், அடக்க முடியாத இருமல் உள்ளவர், தலை ஆடும் நடுக்கம் உள்ளவர், மூடிய இடத்தில் பதற்றம் கொள்பவர், காது கேளாதவர் ஆகியோர் இவற்றை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தலையணை இல்லாமல் இருபது நிமிடம் அசையாமல் மல்லாந்து படுக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நடுவில் இருமல் வந்தாலோ ஏதாவது சொல்ல வேண்டியிருந்தாலோ தலையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள், மருத்துவர் நிறுத்திக்கொள்வார்.

அறுவை நாளுக்கு முன் தலைக்குக் குளித்துவிடுவது நல்லது, பிறகு சில நாள்களுக்குத் தலையில் நீர் ஊற்ற விடமாட்டார்கள். அன்று மையும் முகப்பூச்சும் வேண்டாம். சாப்பிடலாமா, காலை மாத்திரைகளை எடுக்கலாமா, இன்சுலின் போடுபவர் என்ன செய்ய வேண்டும் என்பவை மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைத்துவர ஒருவர் வேண்டும். எந்தக் கண் என்று ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அது பாதுகாப்புக்காக, ஆகவே ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும், இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். கை நடுங்கும் முதியவர் தாமே விடுவது கடினம் என்பதால் யார் விடப்போகிறார் என்பதை முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். கண்ணைத் தேய்க்கக் கூடாது. தூங்கும்போது மருத்துவர் சொல்லும் நாள்வரை பாதுகாப்பு மூடி. லேசான உறுத்தலும் நீர் கசிதலும் இயல்பு. நாளுக்கு நாள் கூடும் வலி, பெருகும் சிவப்பு, தெளிவாகி மீண்டும் மங்கும் பார்வை ஆகியவை இயல்பு அல்ல. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் தந்தையிடம் மின்னலும் கரும்புள்ளியும் தெரிகின்றனவா என்று பல மாதங்கள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்கு எதிர்பாராத சிரமம் தந்தது இரண்டு அறுவைகளுக்கும் இடைப்பட்ட காலம். ஒரு கண் மைனஸ் இரண்டரை, மற்றது இன்னும் மைனஸ் ஆறு. அவ்வளவு வேறுபாட்டைக் கண்ணாடியால் சமன்செய்தால் இரு கண்களும் ஒரே பொருளை இரு வேறு அளவில் காட்டும். தலை சுற்றும், படியின் உயரம் பிடிபடாது. அறுவை செய்யாத கண்ணின் பக்கக் கண்ணாடி மேல் மருத்துவர் சொன்னபடி மங்கல் தாள் ஒட்டிச் சமாளித்தோம். பவர் அதிகம் உள்ளவர்கள் இரண்டாவது கண்ணுக்கான நாளை முதல் அறுவைக்கு முன்பே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. இறுதிக் கண்ணாடியை எழுத, கண் ஆறும்வரை, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள், பொறுக்க வேண்டும்.

நீக்கிய புரை மீண்டும் வராது. ஆனால் செயற்கை லென்ஸைத் தாங்குவதற்காக விட்டுவைத்த பின்புற உறை, சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மங்கலாம். யாக் லேசரால் அதன் நடுவே சிறு திறப்பு ஏற்படுத்திவிட்டால் பார்வை தெளிந்துவிடும். கீறல் இல்லை, சில நிமிட வேலை. இரண்டாம் முறை புரை வந்துவிட்டது என்று அஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் ஒட்டிய அட்டை ஒன்றை மருத்துவமனையில் தருவார்கள். பின்னாளில் வேறு மருத்துவரிடம் கண்ணைக் காட்ட நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். மற்ற மருத்துவக் குறிப்புகளோடு அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்தி, கைப்பேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.